மாடி வீட்டுக் குப்பை எந்த வழியாகப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாகர்கோவில் மாநகராட்சியின் வலம்புரிவிளை உரக்கிடங்கில் தீப்பிடிக்கும்போதெல்லாம் புகையைப் பற்றித்தான் பேசுகிறோம். அங்கே போய்ச் சேரும் குப்பை எங்கே கலந்தது என்று யாரும் கேட்பதில்லை. நாகர்கோவிலில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் 72 வீடுகள், காருக்கு இடம் உண்டு, ஜெனரேட்டருக்குத் தனி அறை உண்டு, குப்பைக்கு மட்டும் கேட் பக்கம் ஒரே ஒரு தொட்டி. வீட்டில் பிரித்து வைத்தவரும் அதில்தானே கொண்டு தட்ட வேண்டும்?

சங்கக் கூட்டத்தில் ஒருவரையொருவர் குறை சொல்லி அலுத்த பிறகு, சரி, ஒரு வாரம் எடை போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினோம். நாளுக்கு 85 கிலோ பக்கம் வந்தது, பாதிக்கு மேல் மீன் குடல், காய்கறித் தோல், வாழையிலை, சோறு. அட்டைப்பெட்டி இவ்வளவு வரும் என்று நாங்கள் நினைக்கவே இல்லை.

பின்பக்கம் சும்மா கிடந்த இடத்தில் கூரை போட்டு உரத்தொட்டி கட்டினோம். கூரை முக்கியம், இங்கே ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, தண்ணீர் இறங்கினால் தொட்டி நாறிவிடும். சமையல் கழிவின் மேல் ஒவ்வொரு தடவையும் காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ போடுகிறோம், அது ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. அட்டையும் பாட்டிலும் சனிக்கிழமை ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்குப் போய்விடும். டயப்பர், நாப்கினைக் காகிதத்தில் பொதிந்து தனியாகத் தரச் சொல்லியிருக்கிறோம், அதைக் கையால் எடுப்பவரும் ஒரு மனுஷிதானே. எது எவ்வளவு போனது என்று வாட்ச்மேன் ஒரு நோட்டில் எழுதுகிறார், அந்த நோட்டு வந்த பிறகுதான் சண்டை குறைந்தது.

இன்னும் வழி தெரியாதது இடிபாடுதான். ஒரு வீட்டில் டைல்ஸ் மாற்றினால் பழைய சல்லியை வேலைக்காரர்கள் ராத்திரி ஏதாவது குளக்கரையில் தட்டிவிடுகிறார்கள், குளத்தை நம்பி வயல் வைத்திருக்கிற ஊரில் இதைப் பார்க்க வயிறு எரிகிறது.

5000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் குப்பையைப் பிரித்துத் தர வேண்டும், மக்குவதை முடிந்தவரை வளாகத்துக்குள்ளேயே உரமாக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியாகிவிட்டது. ஆனால் கட்டி முடித்த கட்டடத்தில் இடம் தேடி நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கட்டட வரைபடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே குப்பை அறை எங்கே, வண்டி எந்தப் பக்கம் வரும், இடிபாட்டை எங்கே ஏற்றுவார்கள் என்று மாநகராட்சி கேட்க வேண்டும். பதில் இல்லாத வரைபடத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
குடியிருப்புச் சங்க உறுப்பினர்,
நாகர்கோவில்