மெட்டல் இசை வழியாக நான் கற்ற பின்னிஷ்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் படிக்கும் தம் மகன் ஓயாமல் மெட்டல் (மின்கிட்டாரும் டிரம்ஸும் உரக்க முழங்கும் ராக் இசை வகை) இசையே கேட்கிறான், கறுப்புச் சட்டையைத் தவிர வேறு எதையும் உடுத்துவதில்லை, கச்சேரிக்காகப் பெங்களூரு போக அனுமதி கேட்கிறான், இது எங்கே கொண்டுபோய் விடுமோ என்று ஒரு தந்தை வருந்தி எழுதிய கடிதம் அண்மையில் தங்கள் வாசகர் பகுதியில் வெளியாகியிருந்தது. பாடுகிறவர் என்ன சொல்கிறார் என்பதே பிடிபடாத பாட்டைப் பிள்ளை இரவும் பகலும் கேட்டுக்கொண்டிருந்தால் பெற்ற மனம் பதறத்தான் செய்யும். அவருடைய கவலையை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்தப் பாட்டுகளில் என்ன இருக்கிறது என்று தமிழில் எடுத்துச் சொல்லும் எழுத்து நம் இதழ்களில் ஏறக்குறைய இல்லை என்பதே இந்தப் பதற்றத்துக்குப் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுவதால், அந்த இசையோடு வளர்ந்த ஒரு வாசகியாக இதை எழுதுகிறேன்.

நான் செங்கல்பட்டில் வசிக்கிறேன். தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். பள்ளி நாட்களிலிருந்தே மெட்டல் கேட்டு வருகிறேன். காலை மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் காதில் ஹெட்போனும் மடியில் ஒரு நோட்டுமாகப் பயணம் போய்விடும். அன்று கேட்கும் பாட்டின் வரிகளை அதில் எழுதி, ஒவ்வொரு சொல்லிலும் பகுதி எது, உருபு எது என்று பிரித்து, உருபைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுவேன். அந்த வரிகள் பின்னிஷ் மொழியில் இருக்கும். இரவில் பின்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனமான யூலே எளிய பின்னிஷில் வாசிக்கும் செய்தியைக் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். விடுமுறை நாட்களில் தம்பியிடம் கிட்டார் கற்றுக்கொள்கிறேன்.

ஏன் பின்னிஷ் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பின்லாந்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 56 லட்சம்தான். ஆனால் மக்கள்தொகை விகிதத்தில் பார்த்தால் அந்நாட்டில் இருக்கும் அளவுக்கு மெட்டல் குழுக்கள் வேறெங்கும் இருப்பது அரிது. அங்கே இது ஊருக்கு ஒதுக்குப்புறமான இசை அன்று. 2006-இல் ஏதென்ஸில் நடந்த, ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான யூரோவிஷன் பாட்டுப் போட்டியில், அரக்க வேடமிட்டுப் பாடிய லோர்டி என்ற மெட்டல் குழுதான் பின்லாந்துக்கு முதல் வெற்றியைத் தேடித் தந்தது. டைனோசர் வேடத்தில் குழந்தைகளுக்காகவே மெட்டல் பாடும் ஹெவிசௌருஸ் என்ற குழுவும் உண்டு. ஹெல்சிங்கியில் 1998 முதல் தூஸ்கா என்ற மெட்டல் விழா நடந்து வருகிறது. அந்நாட்டு லூத்தரன் திருச்சபையில் மெட்டல் இசையோடு வழிபாடுகூட நடத்துகிறார்கள். கோர்பிக்லானி, மூன்சாரோ போன்ற குழுக்கள் பெரும்பாலும் தங்கள் தாய்மொழியிலேயே பாடுகின்றன. அவர்கள் பாடுவதைக் கேட்கக் கேட்க, அந்த ஒலிகளின் பொருள் என்ன என்று அறியும் ஆவல் எனக்குப் பிறந்தது.

பின்னிஷ் கடினமான மொழி என்று ஐரோப்பியர் பலரும் சொல்வார்கள். அதில் 15 வேற்றுமைகள் இருக்கின்றன என்பதே அவர்களுக்கு மலைப்பு. வேற்றுமை உருபுகளோடு பிறந்து வளர்ந்த நமக்கு அந்த மலைப்பு வேண்டியதில்லை. தலோ என்றால் வீடு; தலோஸ்ஸா என்றால் வீட்டில்; தலோஸ்தா என்றால் வீட்டிலிருந்து. சொல்லின் பின்னால் உருபு ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான். துலி நெருப்பு, தூலி காற்று, துல்லி சுங்கம் என்று குறிலும் நெடிலும் இரட்டித்த மெய்யும் பொருளை மாற்றிவிடும்போது ஆங்கிலம் வழியாகக் கற்பவர்கள் தடுமாறுகிறார்கள். எடு, ஏடு, எட்டு என்று சிறு வயதிலேயே பழகிய காதுக்கு அது உடனே பிடிபடுகிறது. "என்னிடம் புத்தகம் இருக்கிறது" என்று நாம் சொல்வதைப் போலவே அவர்களும் "மினுல்லா ஒன் கிர்யா" என்கிறார்கள்; "நான் புத்தகத்தை உடையேன்" என்ற போக்கு அவர்களிடம் இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது எதிர்மறை. "வரமாட்டேன், வரமாட்டாய்" என்பதில் மறுக்கும் பகுதிதான் தன்மை, முன்னிலை காட்டும் விகுதியை ஏற்கிறது; "என் துலே, எத் துலே" என்ற பின்னிஷிலும் மறுக்கும் சொல்தான் தன்மை, முன்னிலைக்கு ஏற்ப மாறுகிறது, வினை அப்படியே நிற்கிறது. இதை ரயிலில் கண்டுகொண்ட நாளில் நான் இறங்க வேண்டிய நிலையத்தையே கவனிக்கவில்லை. எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்பதும் நம்மைப் போலவேதான்: ஏட்டில் "மினா ஒலேன்" என்பது வாயில் "மா ஓன்" ஆகிவிடுகிறது.

இந்த ஒற்றுமையைக் கண்டவர்கள் முன்பே உண்டு. 1856-இல் வெளிவந்த தம் ஒப்பிலக்கண நூலில் கால்டுவெல், திராவிட மொழிகளைப் பின்னிஷ் உள்ளிட்ட, அவர் காலத்தில் சித்தியம் என்று அழைக்கப்பட்ட தொகுதியோடு உறவுபடுத்த முயன்றார். அந்த உறவை இன்றைய மொழியியலாளர்கள் ஏற்பதில்லை. இப்படிச் சொல்லோடு உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் ஒட்டுநிலை மொழிகள் பலவற்றிலும் காணப்படும் பொதுப் பண்புகளே இவை என்கிறார்கள். உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், கற்பவருக்கு அதனால் கிடைக்கும் துணை உண்மையானது.

பாட்டுகளைத் தொடர்ந்து போனால் கலேவலாவில் போய் நிற்போம். எலியாஸ் லொன்ரொத் என்ற மருத்துவர் ஊர் ஊராக நடந்து வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி 1835-இல் வெளியிட்டு, 1849-இல் விரிவாக்கிய காப்பியம் அது: 50 பாடல்கள், 22,795 அடிகள். அதில் முதுபெரும் பாடகனான வைனாமொயினன், தன்னைப் பாட்டுப் போட்டிக்கு அழைத்த இளைஞனைப் பாடியே சேற்றுக்குள் அமிழ்த்துகிறான். பெரிய மீன் ஒன்றின் தாடையெலும்பில் இசைக்கருவி செய்து வாசித்துக் கேட்டவர் எல்லாரையும் அழவைக்கிறான். பாட்டுக்கு இத்தனை வலிமை தரும் ஒரு காப்பியத்தை மெட்டல் குழுக்கள் விரும்பியதில் வியப்பில்லை. அமார்ஃபிஸ் குழு 1994-இல் கலேவலாவை அடியொற்றி ஒரு முழு ஆல்பமே வெளியிட்டது. அதே 1994-இல் கலேவலா முழுவதும் தமிழிலும் வந்துவிட்டது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பின்லாந்தில் வாழ்ந்த ஈழத்து எழுத்தாளர் உதயணன் என்னும் ஆர். சிவலிங்கம், பின்னிஷ் மூலத்திலிருந்து செய்யுள் நடையில் அதைத் தமிழாக்கினார். சிந்துவெளி எழுத்தாய்வுக்காக நாம் நன்கறிந்த ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அஸ்கோ பார்ப்போலா அதற்கு அறிமுகம் எழுதினார். மதுரைத் திட்டத்தின் மின்னூல் தொகுப்பில் அதைப் படிக்கலாம். மெட்டல் கேட்டிராவிட்டால் இப்படி ஒரு தமிழ் நூல் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. பள்ளியிலோ கல்லூரியிலோ ஒருவரும் இதை என்னிடம் சொன்னதில்லை.

பின்லாந்தோடு இது நிற்கவில்லை. மக்கள்தொகை 4 லட்சத்தைக்கூட எட்டாத ஐஸ்லாந்தில் ஸ்கால்மோல்ட் என்ற குழு பழைய யாப்பு மாறாமல் பாட்டுக் கட்டுகிறது: ஓரடியில் இரண்டு சொற்களும் அடுத்த அடியின் தலைச்சொல்லும் ஒரே ஒலியில் தொடங்க வேண்டும் என்பது அந்த யாப்பின் விதி. மோனை தெரிந்த தமிழர் எவரும் அந்தப் பாட்டைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவார்கள். நியூசிலாந்தின் ஏலியன் வெப்பன்ரி குழுவினர் அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் பாடுகிறார்கள். 1864-இல் பிரிட்டிஷ் படையை எதிர்த்து நடந்த சண்டையில் உயிர்நீத்த தங்கள் முன்னோர் ஒருவரைப் பற்றிய பாட்டுதான் அவர்களை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. ஜெர்மனியின் வாக்கன் சிற்றூரில் ஆண்டுதோறும் சுமார் 85,000 பேர் கூடும் விழா மேடையில் அந்த மாவோரிப் பாட்டு ஒலித்திருக்கிறது. தில்லியின் பிளட்டிவுட் குழுவும் 2019-இல் அதே விழாவில் இந்தியிலும் பஞ்சாபியிலும் பாடியது. தமிழர்கள் இடம்பெற்ற சிங்கப்பூரின் ருத்ரா குழு 1992 முதல் இயங்கி வருகிறது. அவர்கள் ஆங்கிலத்தோடு வடமொழியில் பாடுகிறார்கள். தமிழில் பாடும் மெட்டல் குழுக்கள் மிகக் குறைவாக இருப்பது எனக்குத் தீராத ஆதங்கம்.

அந்தத் தந்தை குறிப்பிட்ட "தொண்டை கிழியும் கத்தல்" பற்றியும் ஒரு சொல். அது பயிற்சியால் வருவது. உண்மையான குரல்நாண்களுக்கு மேலே உள்ள மடிப்புகளை அதிர வைத்து, வயிற்றிலிருந்து மூச்சை அளந்து விட்டுத்தான் அந்தக் குரலை எழுப்புகிறார்கள். முறையாகக் கற்காமல் கத்துபவருக்குத்தான் தொண்டை போகும். இந்த இசையின் வரலாறு முழுவதும் வெளிச்சமானது என்றும் நான் சொல்லமாட்டேன். 1990-களின் தொடக்கத்தில் நார்வேயில் இந்த இசையைச் சேர்ந்த சில இளைஞர்கள் தேவாலயங்களுக்குத் தீ வைத்தார்கள், கொலையும் நடந்தது. அவற்றை அறிந்து வெறுக்கிற லட்சக்கணக்கான ரசிகர்களில் நானும் ஒருத்தி.

கச்சேரியைப் பொறுத்தவரை, தென்னிந்திய ரசிகர்களுக்குப் பெங்களூருதான் தலைநகரம். 2007-இல் ஐயன் மெய்டன் குழுவும் 2011-இல் மெட்டாலிகா குழுவும் அங்கே அரண்மனை மைதானத்தில் வாசித்ததை மூத்த ரசிகர்கள் இன்றும் பேசுவார்கள். 2012 முதல் பெங்களூர் ஓப்பன் ஏர் என்ற விழாவும் நடக்கிறது. சென்னையில் ஓபெத் போன்ற பெரிய குழுக்கள் வந்தது உண்டு, ஆனால் அடிக்கடி இல்லை. ஆகவே சனிக்கிழமை வண்டியேறி ஞாயிறு இரவு திரும்புவதே எங்கள் வழக்கம். மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஆடும் கூட்டத்தைப் படத்தில் பார்ப்பவர்கள் அதைச் சண்டை என்றே நினைப்பார்கள். அதற்கும் ஒரு நெறி இருக்கிறது: யாராவது விழுந்தால் சுற்றியுள்ளவர்கள் உடனே நின்று தூக்கிவிட வேண்டும். நான் போயிருந்த ஒரு கச்சேரியில் ஒரு பெண்ணின் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்துவிட்டது. பத்துப் பதினைந்து பேர் கைகோத்து வட்டமாக நின்று கூட்டத்தைத் தடுக்க, மற்றவர்கள் செல்போன் வெளிச்சத்தில் தரையைத் துழாவி, உடையாத கண்ணாடியை எடுத்து அவள் கையில் கொடுத்த பிறகே வட்டம் கலைந்தது. அவர்களில் ஒருவரும் அவளுக்கு முன்பின் அறிமுகமானவர்கள் அல்லர்.

தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். திரையிசைக்கும் கருநாடக இசைக்கும் தாங்கள் தரும் இடத்தில் மாதம் ஒரு முறையாவது இத்தகைய இசையையும், அது எந்த மொழியில், எந்த மரபிலிருந்து எழுகிறது என்பதையும் விளக்கும் கட்டுரைகளுக்கு இடம் தாருங்கள். தமிழ்க் கலேவலாவைப் பற்றி ஒரு விரிவான கட்டுரை வெளியிடுங்கள். தாங்கள் இசைந்தால், பின்னிஷ் பாடல்கள் சிலவற்றின் பொருளை நேரடியாகத் தமிழில் விளக்கி எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அந்தத் தந்தையிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மகனைத் தனியே அனுப்ப மனம் ஒப்பவில்லை என்றால், ஐயா, ஒரு முறை அவனோடு தாங்களும் போய் வாருங்கள். ஒலியின் அளவு மட்டும் உண்மையிலேயே கவனிக்க வேண்டியது: கேளிக்கை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022-இல் நெறிமுறை வகுத்தது, அந்த அளவிலேயே கால் மணி நேரத்துக்கு மேல் காதைத் திறந்து வைத்திருப்பது நல்லதன்று. மருந்துக் கடையில் கிடைக்கும் பஞ்சு போன்ற காதடைப்பான் இருவருக்கும் வாங்கிக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கிகளின் அருகில் நிற்காமல், மைதானத்தின் நடுவே ஒலிப்பொறியாளர் அமர்ந்திருக்கும் மேசைக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒவ்வொரு கருவியும் தனித்தனியே தெளிவாகக் கேட்கும் இடம் அதுதான். நெரிசலும் அங்கே குறைவு.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
செங்கல்பட்டு