மதுரை பாலரெங்காபுரம் புற்றுநோய் ஆஸ்பத்திரி பெஞ்சில் கூட இருந்தவர்களுக்கு

வணக்கம். மார்பகப் புற்றுநோய்க்காக என் மனைவிக்கு அறுவை, 21 நாளுக்கு ஒன்றாக எட்டு கீமோ, 15 நாள் கதிர்வீச்சு எல்லாம் போன மாதத்தோடு முடிந்தன. இனி நோய் திரும்பாமலிருக்கத் தினம் ஒரு தமாக்சிஃபென் மாத்திரை, குறைந்தது 5 வருடம். உதவியவர்கள் பலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் பெரியாஸ்பத்திரி சிஸ்டருக்கு. காயத்து நீர் வடியும் பையைத் தினமும் அளந்து எழுத வேண்டும் என்றதும், கொழுந்தியாவைக் கூப்பிடட்டுமா என்றேன். "புருசன் நீங்கதானே? கையக் கழுவிட்டு வாங்க." அன்றைக்குத்தான் தையலைப் பார்த்தேன். தலை சுற்றிச் சுவரைப் பிடித்தேன். என் மனைவி சிரித்துவிட்டாள்.

கீமோவின் சிவப்பு மருந்து ஏறிய நாட்களில், திருமங்கலம் வரை ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆட்டோவை மெல்ல ஏற்றி இறக்கிய அண்ணனுக்கு நன்றி. மூன்றாவது வாரம் இவளுக்கு முடி கொத்தாக வர, மொட்டை போட்டோம். "அழகர்கோயில்லயா?" என்று தெருவில் கேட்டவரிடம் "ஆமாக்கா, வேண்டுதல்" என்றாள். பக்கத்தில் மகளும் தலையாட்டினாள். அழகர் கோவிக்க மாட்டார். எட்டு மாதம் எங்களோடு தங்கி மகளைப் பள்ளிக்கு அனுப்பிய கொழுந்தியாவுக்கு நன்றி சொன்னால் திட்டுவாள்.

மேலூர்ப் பக்கத்து அய்யாவுக்கும் அம்மாவுக்கும்தான் நிறையச் சொல்ல வேண்டும். என் மனைவிக்கு 34, அந்த அம்மாவுக்கு 66. நோய் ஒன்றுதான், பயம் வேறு. இவளுக்குக் கண்ணாடியில் தன்னைப் பார்க்கப் பயம். எனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும் என்ற ஆசை. மாத்திரை சாப்பிடும்வரை கரு தரிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன இரவு ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம். தொட்டால் வலிக்குமோ என்று நான் தள்ளியிருந்தேன். பிடிக்காமல் போய்விட்டது என்று அவள் நினைத்திருக்கிறாள்.

அந்த அம்மாவுக்கோ, "நா படுத்துட்டா இந்த மனுசனுக்கு யாரு சோறாக்குறது?" என்பதுதான் கவலை. வயதானால் இவ்வளவுதான் போல என்று நினைத்தேன். ஒருநாள் என் மனைவியின் காதில், "ஜாக்கெட்டுக்குள்ள துணி வச்சுத் தச்சுக்கிட்டேன், அவருக்குத் தெரியாது" என்றாராம். அய்யாவுக்குத் தெரியும். என்னிடம் முன்பே சொல்லியிருந்தார்.

70 வயதுக்கு மேல் ரசம் வைக்கப் பழகிய அந்த அய்யா கேட்டார்: "தம்பி, சீட்டு, மாத்திரை, டீன்னு ஓடிக்கிட்டே இருக்கியே. அந்தப் புள்ள பக்கத்துல எப்ப ஒக்காருவ?" கோபம்தான் வந்தது. அவருக்கு மகன் பணம் அனுப்புகிறான். எனக்கு லீவு போட்டால் சம்பளம் கிடையாது. ஆனாலும் மறுநாள் உட்கார்ந்தேன். டீ அவர் வாங்கி வந்தார்.

சுவரில் விரலால் ஏறும் கைப்பயிற்சியில் நேற்று அவள் காலண்டர் ஆணியைத் தொட்டுவிட்டாள். அய்யா, உங்கள் நம்பர் எழுதிய சீட்டைச் சட்டையோடு துவைத்துவிட்டேன். வரும் புதன் செக்கப்புக்கு வருகிறோம், அதே பெஞ்சில் இருப்போம். ஒரு தூக்குவாளி ரசம் கொண்டுவரச் சொல்லி அவள் சொல்லச் சொன்னாள்.