"வீட்டிலேயே மாட்டலாம்" என்று விற்ற சைலன்சர் நான்கே மாதத்தில் ஓட்டை

குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு,

பொருள்: மாருதி 800 காருக்கு வாங்கிய பின்பக்கச் சைலன்சர், வாரண்டி மறுப்பு தொடர்பாக.

வணக்கம். எங்கள் 2004 மாடல் மாருதி 800-க்கு உங்கள் தளத்தில் 2025 ஜனவரி 6 அன்று ஒரு சைலன்சர் வாங்கினேன். விலை 1,850 ரூபாய். "அலுமினியப் பூச்சுத் தகடு, ஓராண்டு வாரண்டி, மெக்கானிக் தேவையில்லை, வீட்டிலேயே மாட்டலாம்" என்று போட்டு, மாட்டும் விதத்தை வீடியோவாகவும் வைத்திருந்தீர்கள். மே மாதம் அது ஓட்டையாகிவிட்டது. வாரண்டி கேட்டால், "நீங்களே மாட்டியதால் செல்லாது" என்கிறார்கள் உங்கள் வாடிக்கையாளர் சேவையில். அந்தப் பதிலுக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் எப்படி மாட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன். ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. முந்தின நாள் இரவே பழைய போல்ட்டுகளில் டீசல் ஊற்றி ஊற வைத்தேன். காலையில் முன்சக்கரங்களுக்குக் கல் அண்டக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் அடியில் போனேன். ஒரு போல்ட் கழன்று வந்தது. இன்னொன்று துருவில் நட்டோடு ஒட்டிப்போயிருந்தது. 12 நம்பர் ஸ்பேனர் வழுக்கிக்கொண்டே இருந்ததால், மல்லாந்து படுத்தபடி ஆக்ஸா பிளேடால் முக்கால் மணி நேரம் அறுத்தேன். முகமெல்லாம் துரு. குழாய் இணைப்பில் கசிவைத் தடுக்கும் கேஸ்கட் புதிது, போல்ட் புதிது, சைலன்சரைத் தாங்கும் தொங்கு ரப்பரும் புதிது. ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி வளையத்தில் ஏற்றினேன். வண்டியைக் கிளப்பி, இணைப்பைச் சுற்றிக் கையை வைத்துப் பார்த்தேன். எங்கும் காற்று கசியவில்லை. உங்கள் வீடியோவில் இதில் பாதிகூட இல்லை.

இப்போது ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். நான் கைவைத்த இணைப்பு இன்றும் இறுக்கமாக இருக்கிறது. உடைந்தது உருளையின் அடிப்பக்கத்தில், தகடு மடித்து மூடிய விளிம்பில். ஏப்ரலில் அங்கே செங்கல் நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. மே மாதம் வண்டி டப டபவென்று கத்த ஆரம்பித்ததும் அடியில் போய்க் கட்டைவிரலால் அழுத்தினேன், அப்பளம் மாதிரி நொறுங்கியது. சந்தேகப்பட்டு, பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துணியைக் கொஞ்சம் நனைத்து நல்ல இடத்தில் தேய்த்தேன். துணி முழுக்க வெள்ளிச் சாயம். கீழே வெறும் இரும்பு. அலுமினியப் பூச்சு என்றால் தின்னருக்கு வராது. நீங்கள் விற்றது சில்வர் பெயிண்ட் அடித்த சாதாரணத் தகடு. முதல் நாள் வண்டியைக் கிளப்பியபோது வந்த கருகல் வாடை எண்ணெய்ப் பசை என்று நினைத்துவிட்டேன். அது அந்தப் பெயிண்ட்தான்.

உங்கள் ஊழியர் தூத்துக்குடிக் கடல் காற்றையும் காரணமாகச் சொன்னார். நான் கழற்றி எறிந்த பழைய சைலன்சர் 2013-ல் மாட்டியது. அதே உப்புக் காற்றில் பதினொரு வருஷத்துக்கு மேல் தாங்கியது. கொஞ்ச தூரம் மட்டுமே ஓட்டினால் துருப்பிடிக்கும் என்றும் சொன்னார். அது உண்மைதான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வருகிறது, சூடேறாத சைலன்சரில் அது தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். ஆனால் நான் தினமும் ஸ்ரீவைகுண்டம் வரை போய் வருகிறேன். அந்த நீண்ட ஓட்டத்தில் சைலன்சர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்.

சத்தத்தை விட எனக்குப் பயம் தந்தது வேறு. பின்சீட்டில் என் அம்மா உட்காருவார்கள். ஓட்டையான சைலன்சரின் புகை அடியிலிருந்து காருக்குள் ஏறலாம். அதில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. ஓட்டையைக் கவனித்த அன்றே வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளூர்க் கடையில் வேறு சைலன்சர் வாங்கி மாட்டினேன். அதையும் நானேதான் மாட்டினேன்.

மே 19 அன்று படங்களோடு புகார் அனுப்பினேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் நீங்கள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்லவும் முடியாது. எனக்கு வந்தது மறுப்பு மட்டும்தான்.

1,850 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். அப்புறம், அந்தப் பொருளின் பக்கத்திலிருந்து "அலுமினியப் பூச்சு" என்ற சொல்லை எடுங்கள். வீட்டில் மாட்டினால் வாரண்டி இல்லை என்பதுதான் உங்கள் விதி என்றால், "வீட்டிலேயே மாட்டலாம்" என்ற வரியையும் எடுத்துவிடுங்கள். என்னைப் போல் பழைய வண்டியைக் கையாலே பார்த்துக்கொள்கிறவர்கள் அதை நம்பித்தான் வாங்குகிறார்கள். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகாரைப் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் கிடையாது.

சைலன்சரையும் தின்னர் துணியையும் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் எந்த நாள் வந்தாலும் எடுத்துக்கொண்டு போகலாம். பில், படங்கள், உங்கள் விளம்பரப் பக்கத்தின் நகல் மூன்றும் இதோடு இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
தூத்துக்குடி