கரண்ட் திரும்பிப் போகும் வழி

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். மழைதான் விட்டபாடில்லை. சிங்கப்பூரில் நம் காக்கி புக்கிட் பட்டறையில் வேலைக்குக் குறைவில்லை, ஆனால் நீ இருந்தபோது இருந்தவர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள், மதியம் சாப்பிட உட்கார்ந்தால் பேச்சே இல்லை.

போன மாதக் கடைசியில் ஜொகூர் பாரு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மலேசியாவுக்குப் போகிற காஸ்வே பாலத்தில் கூட்டம் நீ பார்த்த மாதிரியேதான், 950-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சோதனைச் சாவடியில் இறங்கி, மறுபடி வரிசையில் நின்று ஏறிப் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடுகிறது. போன இடத்தில் மச்சான் தங்காக்கில் ஒரு கல்யாணத்துக்குப் பந்தல் சாமான், அண்டா, நாற்காலி எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தார். துணைக்கு வாயேன் என்றார், ஏறிவிட்டேன். வண்டி பழைய டீசல் லாரி, 24 வோல்ட், கேபினைக் கவிழ்த்தால்தான் எஞ்சின் தெரியும். எஞ்சினில் ஒரு குறையும் சொல்ல முடியாது, ஆனால் வயரிங் பல வருஷமாகப் பலர் கை பட்டது.

குளாய் தாண்டி நெடுஞ்சாலையில் போகும்போதே சார்ஜ் விளக்கு மங்கலாக எரிவதும் அணைவதுமாக இருந்தது. மாச்சாப் ஓய்விடத்தில் டீ குடிக்க நிறுத்தினோம். திரும்பி வந்து மச்சான் சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், எஞ்சினைச் சுற்றிவிடுகிற செல்ஃப் மோட்டார் எடுக்கவில்லை. மறுபடி திருப்பினாலும் அதே டிக். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் பேட்டரி போய்விட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஒரு மலாய்க்கார அண்ணன், நல்ல மனுஷன், தன் காரை ஓட்டிக்கொண்டு வந்து முன்னால் நிறுத்தி ஜம்பர் கேபிளையும் எடுத்துவிட்டார். காரின் 12 வோல்ட்டை லாரியின் 24 வோல்ட்டோடு இணைத்தால் கார்தான் அடிவாங்கும் என்று பக்குவமாகச் சொல்லி நிறுத்தினேன். கேபிளை மட்டும் கொஞ்ச நேரம் இரவல் கேட்டேன்.

என் பையில் மல்டிமீட்டர் எப்போதும் இருக்கும், உனக்குத் தெரியும். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு மச்சானை சாவி திருப்பச் சொன்னேன். விளக்கு கொஞ்சம்கூட மங்கவில்லை. சேகர், இந்த ஒரு விஷயமே பாதி விடை. பேட்டரி செத்திருந்தால் செல்ஃப் இழுக்கிற இழுப்பில் விளக்கு படுத்துவிட வேண்டும். மங்கவே இல்லை என்றால் பேட்டரியிலிருந்து பெரிய கரண்ட் கிளம்பவே இல்லை என்று அர்த்தம், எங்கேயோ வழி அடைத்திருக்கிறது, இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரே போயிருக்கிறது. மீட்டரை வைத்தால் இரண்டு பேட்டரியும் சேர்ந்து 24.6, நிறைய சார்ஜ் இல்லை, ஆனாலும் ஸ்டார்ட் பண்ணப் போதும். சாவி திருப்பும்போதும் 24-க்குக் கீழே இறங்கவில்லை.

அடுத்து கேபினைக் கவிழ்த்து, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் இன்னொன்றை செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டிலும் வைத்து சாவி திருப்பச் சொன்னேன். அந்த வழியில் அரை வோல்ட் கூடத் தொலையவில்லை, அடைப்பு பாசிட்டிவ் பக்கம் இல்லை. இப்போது ஒரு முனை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்று எஞ்சின் பிளாக்கில் சுரண்டிய இடத்தில். சாவியைத் திருப்பியதும் 15 வோல்ட்டுக்கு மேல்! அங்கே ஒரு வோல்ட்கூட வரக்கூடாது. செல்ஃபுக்குப் போய்ச் சேர வேண்டியதில் பாதிக்கு மேல் திரும்பிப் போகிற வழியிலேயே தொலைந்துகொண்டிருந்தது.

நாம் எல்லோரும் பாசிட்டிவ் வயரைத்தான் தேடித் தேடிப் பார்ப்போம். ஆனால் போன கரண்ட் எஞ்சின் இரும்பிலிருந்து சேஸிஸ், அதாவது லாரியின் இரும்புச் சட்டம் வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பியாக வேண்டும், அதைத்தான் எர்த் என்கிறோம். எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸோடு அதற்கு இரும்புத் தொடர்பு கிடையாது. அந்தத் தொடர்பைக் கொடுப்பது ஒரே ஒரு பின்னல் பட்டைதான், எர்த் ஸ்ட்ராப். செல்ஃபும் பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரும் எஞ்சினில் மாட்டியவை, இரண்டுக்கும் அதுதான் பாதை. ஹெட்லைட்டின் எர்த் சேஸிஸில் இருப்பதால் அது பாட்டுக்குப் பளிச்சென்று எரியும், பார்ப்பவனை ஏமாற்றும். வரும் வழியில் சார்ஜ் விளக்கு ஆடியதும் இதனால்தான். கேபினுக்கு அடியில் கையை விட்டபோது ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உறை சுட்டது. எஞ்சின் சூடு இல்லை அது, கையை வைத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. பட்டை விட்டுப்போனதும் கரண்ட் அந்த மெல்லிய கேபிள் வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. இன்னும் நாலு தடவை சாவியைத் திருப்பியிருந்தால் உறை உருகி, கேபிளும் இறுகிப் போயிருக்கும், நெடுஞ்சாலையில் அப்படி இறுகினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. அதனால் செல்ஃப் எடுக்காத வண்டியில் திரும்பத் திரும்ப சாவி திருப்பாதே என்று யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன்.

பட்டை வெளியே முழுசாகத்தான் தெரிந்தது. சேஸிஸ் பக்கத்து போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பொடியாக அரித்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றிச் சுரண்டினால் கையோடு வந்துவிடும், அதனால் தொடாமல் விட்டேன். இரவல் ஜம்பர் கேபிள்களில் கறுப்பை எடுத்து ஒரு கவ்வியை பேட்டரி நெகட்டிவில், இன்னொன்றை எஞ்சின் தூக்குகிற கொக்கியில், பெயின்ட்டை நன்றாகச் சுரண்டிவிட்டுக் கடித்து வைத்தேன். சாவி திருப்பியதும் எஞ்சின் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டது. பேட்டரியில் 27.9, சார்ஜும் ஏறுகிறது. கேபிளை ஃபேன் பெல்ட்டிலும் சைலன்சர் குழாயிலும் படாதபடி கேபிள் டை போட்டு இறுக்கினேன். இது எர்த் பக்கம் என்பதால்தான் அப்படி ஓட்டச் சம்மதித்தேன். கவ்வி கழன்று சேஸிஸில் விழுந்தாலும் நெருப்பு கிளம்பாது, பழையபடி சார்ஜ் விளக்கு எரியும், அவ்வளவே. பாசிட்டிவ் கேபிளாக இருந்திருந்தால் கவ்வி மாட்டி ஒரு அடிகூட நகர விட்டிருக்க மாட்டேன்.

அந்த அண்ணன் கேபிளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். மச்சான் விடாமல் நம்பர் வாங்கிக்கொண்டார். பாகோ தாண்டும்வரை நான் சார்ஜ் விளக்கை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. லேடாங் மலை கண்ணில் பட்ட பிறகுதான் மச்சான் வாயைத் திறந்தார். சாமான் இறக்கும்வரை எஞ்சினை அணைக்கவில்லை. அப்புறம் ஒரு பேட்டரிக் கடையில் 50 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வெல்டிங் கேபிள், இரண்டு பக்கமும் போல்ட்டில் மாட்டுகிற செம்பு லக் வைத்து அழுத்தி வாங்கினோம். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இரண்டு இடத்தையும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து மாட்டி, மேலே கிரீஸ் பூசிவிட்டோம்.

இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் உன் வண்டி. புது பேட்டரி போட்டும் காலையில் டிக் டிக் என்கிறது, செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். காசைக் கொடுக்காதே. முதலில் பேட்டரி, பாசிட்டிவ் பக்கம், எர்த் பக்கம் என்று அந்த மூன்று அளவையும், சாவி திருப்பிப் பிடித்திருக்கும்போதே பார். சும்மா நிற்கும்போது அளந்தால் ஒரே ஒரு இழை பாக்கி இருந்தாலும் மீட்டர் எல்லாம் சரி என்றுதான் காட்டும், ஓம்ஸில் வைத்துப் பார்த்தாலும் அப்படியே. மூன்றும் சரியாக இருந்து அப்படியும் சுற்றவில்லை என்றால் சரி, மோட்டாரைக் கழற்று. இன்னொன்று, எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி டைனமோ (ஆல்டர்னேட்டரைத்தான் அப்படிச் சொல்வார்கள்) சோதிக்கிற பழைய வழக்கம் உன் ஊர்க் கடைகளில் இன்னும் இருக்கும், உன் வண்டியில் யாரையும் அதைச் செய்ய விடாதே, அந்த நொடியில் ஏறுகிற வோல்ட்டேஜ் அதற்குள் இருக்கிற டயோடையே எரித்துவிடலாம்.

சிம் லிம் டவரில் வயரைக் கவ்விப் பிடித்தே கரண்ட்டை அளக்கிற ஒரு கிளாம்ப் மீட்டர் பார்த்து வைத்திருக்கிறேன், பேட்டரியில் வருகிற டிசி கரண்ட் அளக்கிற வகை. மலிவானதில் பெரும்பாலும் ஏசி மட்டும்தான் இருக்கும், நமக்கு அது உதவாது. பொங்கலுக்கு லீவு கிடைத்துவிடும் போலிருக்கிறது, உனக்கும் ஒன்று வாங்கி வரட்டுமா? அளவுகளைப் பார்த்துவிட்டு இதற்கும் சேர்த்துப் பதில் போடு.

அன்புடன்,
முத்து