மெக்ரேயின் ஹெலிகாப்டர்

பட்டர்வொர்த்

அன்புள்ள நண்பர் முருகையா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. சுபாங் விமான நிலையப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், தலைக்கு மேல் பறக்கும் ஹெலிகாப்டர் எந்த வகை என்று ஓசையை வைத்தே சொல்லிவிடுகிறீர்களாமே! என் கார் பட்டறையை இளையவன் எடுத்துக்கொண்டான். நான் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதோடு சரி.

நெய்மார் சொந்தமாக ஹெலிகாப்டர் வைத்திருப்பதைக் குறிப்பிட்டு, பந்து விளையாடுபவருக்கு இந்த ஆடம்பரம் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. அவருடையது இரட்டை எஞ்சின் கொண்ட எச்145. அதை ஓட்டுவதற்குத் தொழில்முறை விமானி இருக்கிறார். பணம் இருக்கிறது, பறக்கிறார்.

என் மனத்தை உறுத்துவது ரேலி கார் பந்தய வீரர் கொலின் மெக்ரேயின் கதை. 555 என்று மஞ்சளில் எழுதிய அவருடைய நீல நிற சுபாரு காரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1995-இல் 27 வயதில் அவர் உலக ரேலி பட்டத்தை வென்றபோது, அதற்கு முன் அவ்வளவு இளம் வயதில் அதை வென்றவர் எவருமில்லை. மொத்தம் 25 உலக ரேலி வெற்றிகள். 2000-இல் கோர்சிகாவில் கார் பள்ளத்தில் தலைகீழாக விழுந்தும், கன்ன எலும்பு முறிவோடு தப்பினார். ஸ்காட்லாந்தில் லானார்க் ஊருக்கு அருகே ஜெர்விஸ்வுட் என்ற பெரிய வீட்டில் வாழ்ந்த அவர், தம் ஹெலிகாப்டரைத் தாமே ஓட்டினார். நீங்கள் பல ஆண்டுகள் பழுது பார்த்த அதே ஏஎஸ்350 வகைதான்.

2007 செப்டம்பர் 15 அன்று, வீட்டை நெருங்கும் வேளையில், மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளத்தாக்கில் அது விழுந்து, அவரும் அவருடைய 5 வயது மகனும் உடன் வந்த இருவரும் இறந்தனர். அந்தப் பிள்ளையின் வயதைப் படித்த பிறகு மேலே படிக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. 2011-இல் முடிந்த நீதிமன்ற விசாரணை, பொருத்தமற்ற நிலப்பரப்பில் தேவையில்லாமல் தாழப் பறந்ததைச் சுட்டிக்காட்டி, இது தவிர்த்திருக்கக்கூடிய விபத்து என்றது. அவருடைய விமானி உரிமமும், அந்த வகையை ஓட்டுவதற்கான தகுதியும் விபத்துக்கு முன்பே காலாவதியாகியிருந்தன.

ரேலியில் அடுத்த வளைவு எவ்வளவு கூர்மையானது, மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் முன்கூட்டியே பார்த்து எழுதி வைத்த குறிப்புகளை, இணை ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் இருந்து ஓயாமல் வாசித்துக்கொண்டே வருவார். மெக்ரே போன்ற துணிச்சல்காரரின் வேகமே அந்தக் குரலை நம்பித்தான் இருந்தது. சொந்த ஹெலிகாப்டரில் அந்தக் குரல் இல்லை. உங்கள் பழைய கம்பெனியாக இருந்தால், உரிமத்தில் உள்ள தேதியைப் பார்க்காமல் ஏறவே விட்டிருக்க மாட்டீர்கள். தம் வீட்டு வளாகத்திலிருந்து தாமே கிளப்பிக்கொண்டு போகிறவரை யார் தடுப்பது? வசதி வந்தவர்கள் முதலில் விலக்கிவிடுவது இப்படிக் கேள்வி கேட்கும் ஆட்களைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு சந்தேகம். அதிக வேகத்தில் சட்டென்று திருப்பினால், இந்த வகையில் கைப்பிடியை இலகுவாக அசைக்க உதவும் ஒற்றை ஹைட்ராலிக் அமைப்பு, சுழலும் இறக்கைகளின் மீது காற்று தரும் விசைக்கு ஈடுகொடுக்க முடியாமல், கைப்பிடி கனத்துப்போகும் என்று படித்தேன். விபத்தை ஆராய்ந்தவர்களும் அந்தச் சாத்தியத்தை எடை போட்டிருக்கிறார்கள். அந்த நிலையில், தரைக்கு அவ்வளவு அருகில், மீண்டு வர நேரம் இருக்குமா? அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்,
இராமையா