ஃப்ளெக்ஸுக்குப் போடுவதைக் கைப்பேசிக்கும் போடுகிறோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் 2004 முதல் டிடிபி மையம் நடத்திவருகிறேன். கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம், நோட்டீஸ் என்று ஆரம்பித்தது. பிறகு பல வருடம் ஃப்ளெக்ஸ் டிசைன். இப்போது வரும் வேலையில் பாதிக்கு மேல் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கான படங்கள்தான். துணிக்கடைக்காரர், பல் டாக்டர், ஆடிட்டர், டியூஷன் நடத்துபவர் என்று எல்லோரும் கேட்டு வருகிறார்கள். சிறு வணிகர்கள் சமூக வலைதளங்களுக்கு வர வேண்டும் என்று உங்கள் நாளிதழ் அடிக்கடி எழுதுகிறது. வந்தவர்கள் அங்கே போடும் படம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் யாராவது எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நாங்கள் ஃப்ளெக்ஸுக்குச் செய்து பழகியதையே கைப்பேசிக்கும் செய்துகொண்டிருக்கிறோம். பத்துக்கு எட்டு அடி ஃப்ளெக்ஸில் மேலே சாமி படம், ஓரத்தில் முதலாளி படம், நடுவில் கடை பெயர், கீழே நான்கு போன் நம்பர், இடைவெளி தெரியும் இடமெல்லாம் பூ. ரோட்டோரத்தில் நிற்கும்போது அது எடுபடும். அதையே இரண்டரை அங்குல அகலத் திரைக்குள் அடைத்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். கட்டைவிரல் தள்ளிக்கொண்டே போகும் வேகத்தில் யார் நின்று படிப்பார்கள்?

பவானியிலிருந்து ஜமக்காளம் விற்கும் ஒருவர் போன தீபாவளிக்கு முன் வந்தார். அவர் எழுதிக் கொண்டுவந்த வாசகம் பதினாலு வரி. கூகுளில் தேடி எடுத்த ஒரு கம்பளப் படமும் கையில் இருந்தது. ஜமக்காளமே இல்லை அது, ஏதோ வெளிநாட்டுக் கம்பளம். "அண்ணா, உங்க தறியை ஒரு நாள் காட்டுங்க" என்று கேட்டு, காலை எட்டு மணிக்கு அவர் வீட்டுக்கே போனேன். குழித்தறி வாசல் பக்கம் இருந்தது. கதவைத் திறந்துவிட்டால் பக்கவாட்டில் வெளிச்சம் விழுகிறது. லைட் எதுவும் போடவில்லை, என் கைப்பேசியிலேயே எடுத்தேன். சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஓட, அதன் மேல் அவர் அம்மாவின் கை. அவ்வளவுதான் படம். மேலே "பவானி ஜமக்காளம்", கீழே ஒரு போன் நம்பர். மாதிரியைப் பார்த்தவர், "ஏனுங்க, இத்தனை எடம் சும்மா கெடக்குதுங்களே" என்று வருத்தப்பட்டார். அந்த இடம் இருந்தால்தான் ஜமக்காளம் கண்ணுக்குத் தெரியும் என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. மீதிப் பன்னிரண்டு வரியையும் படத்துக்குக் கீழே எழுத்தாகப் போடச் சொன்னேன். போட்ட மறுநாளிலிருந்து, "அந்தக் கையோடு இருக்கிற கலர் கிடைக்குமா" என்று கேட்டே ஆர்டர் வந்ததாகச் சொன்னார்.

தன் பொருளைத் தானே படம் எடுக்க ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரிவதில்லை. எங்கள் பகுதியில் மூன்று பல் மருத்துவமனைகளின் விளம்பரப் படத்தில் ஒரே வெளிநாட்டுப் பெண் சிரிக்கிறார். மூன்றும் வேறு வேறு டாக்டருடையவை. நோயாளி பார்க்க விரும்புவது அந்த டாக்டரின் முகத்தையும் அந்த நாற்காலியையும்தான். கூகுளில் கண்ணில் பட்ட படத்தை எடுத்துப் போடுவது சட்டப்படியும் தவறு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்துக்கும் பொருந்தும். இலவசமாகத் தரும் தளங்கள் இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அதே படம் பக்கத்துக் கடைக்காரருக்கும் கிடைக்குமே.

அடுத்தது தமிழ். இதைச் சொல்லும்போது எனக்கு மனசு பொறுக்கவில்லை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் தென்னாசிய மொழிகளுக்கான அமைப்பைத் தேர்வு செய்யாமல் யூனிகோட் தமிழை ஒட்டினால், "கோயில்" என்பதில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ஒரு நிமிட வேலை அதைச் சரிசெய்ய. அப்படியே விட்டுவிட்டு வெளியிடுகிறார்கள். இப்போது செயற்கை நுண்ணறிவில் செய்த படம் என்று கொண்டுவருகிறார்கள். பூ, விளக்கு, கோலம் எல்லாம் அழகாக இருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் பல நேரம் தமிழ் மாதிரி வளைவுகள், ஆனால் எந்த எழுத்தும் இல்லை. ஒரு டியூஷன் சென்டர் பொங்கல் வாழ்த்து அப்படி வந்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தருகிற இடம்! பின்னணியை வேண்டுமானால் அப்படி வாங்கிக்கொள்ளுங்கள், எழுத்தை நீங்களே அடியுங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். நல்ல எழுத்துருக்களுக்கும் பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்த மலர், கட்டமரான் எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. யூனிகோடுக்கு முந்தைய வானவில், பாமினி எழுத்துருக்களை வைத்து மல்லாடிய காலத்தில் இப்படி ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

அளவு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமுக்கு 1080க்கு 1350 பிக்சல் போதும். ஸ்டேட்டஸுக்கு 1080க்கு 1920. 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் ஒவ்வொருவர் கணக்குப் பக்கத்திலும் படங்கள் அடுக்கியிருக்கும் கட்டங்களைச் சதுரத்திலிருந்து நீள்கட்டமாக மாற்றியபோது, பழைய சதுரப் படங்களில் இரண்டு ஓரமும் 135 பிக்சல் மறைந்தது. ஓரத்தில் போன் நம்பர் வைத்திருந்தவர்களுக்குப் பாதி நம்பர் காணோம். அதனால் முக்கியமானதை நடுவில் வையுங்கள். அப்புறம், டிசைனுக்கான போட்டோவை வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் மங்கிப்போய்த்தான் வரும். டிசைனை முடித்ததும் என் கைப்பேசிக்கு அனுப்பி, கடை வாசலில் வெயிலில் நின்று கை நீட்டிப் பிடித்துப் பார்ப்பேன். அங்கே படிக்க முடியாத எழுத்தை எடுத்துவிடுவேன்.

கடைசியாக என் பெரியப்பா. சர்க்கரை நோயில் பார்வை போய் ஆறு வருடமாகிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் டாக்பேக் வசதியை வைத்து எல்லாவற்றையும் காதால் கேட்கிறார். குடும்பக் குழுவில் நான் ஒரு நாள் என் டிசைன் ஒன்றைப் பெருமையாகப் போட்டேன். "ஏங்கண்ணு, படம்னு மட்டும் சொல்லுது, என்ன படம்னு சொல்ல மாட்டேங்குதே" என்றார். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அதை நான் நினைத்துப் பார்த்ததில்லை. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், லிங்க்ட்இன், எக்ஸ் எல்லாவற்றிலும் படத்துக்கான மாற்று உரை எழுத இடம் இருக்கிறது. அதில் இரண்டு வரி எழுதினால் திரையைப் படிக்கும் செயலி அதை வாசித்துக் காட்டும். "குழித்தறியில் சிவப்பு, பச்சைப் பட்டைகளுடன் ஜமக்காளம், நெய்பவரின் கை அதன் மேல்" என்று எழுதி அவருக்குக் காட்டினேன். "பவானிச் சரக்கா?" என்று உடனே கேட்டார்.

பார்வை குறைந்தவர்களுக்காக நிறமும் பார்த்துப் போட வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது, மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கான சர்வதேச வழிகாட்டு விதி. நமக்குப் பிடித்த சிவப்பின் மேல் பச்சை பெரும்பாலும் அதன் பக்கத்தில்கூட வராது.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். வணிகப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது கால் பக்கம் இதற்கு ஒதுக்குங்கள், ஒரு கடையின் விளம்பரப் படத்தை எடுத்துக்கொண்டு, திருத்துவதற்கு முன்னும் பின்னும் எப்படி இருக்கிறது என்று காட்டினால் போதும். இன்னொன்று, உங்கள் நாளிதழ் சமூக வலைதளங்களில் தினமும் போடும் செய்தி அட்டைகளில் செய்தி முழுவதும் படத்துக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மாற்று உரை சேருங்கள். பெரியப்பா நாற்பது வருடம் உங்கள் பேப்பர் வாங்கிப் படித்தவர்.

இப்படிக்கு,
டிடிபி மையம் நடத்தும் வாசகி,
ஈரோடு