அப்பாயி பேரில் ஒரு ஏக்கர்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலிதான் விட்டபாடில்லை.

பத்திரத்தில் தாத்தா பேர் இல்லாமல் அப்பாயி பேர் மட்டும் ஏன் இருக்கிறது என்று போனில் கேட்டாய். நிலமில்லாத கூலிக்காரர்களுக்காகப் பாடுபட்ட கிருஷ்ணம்மாள் அம்மா வாங்கிக் கொடுத்த நிலம் எல்லாமே பெண்கள் பேரில்தான். ஆம்பளை பேரில் இருந்தால் ஒரு கஷ்டம் வந்ததும் அடகுக்குப் போய்விடும், ஊருக்கே தெரிந்த விஷயம். தாத்தாவுக்கு உள்ளுக்குள் வருத்தம்தான், ஆனால் வாயைத் திறக்கவில்லை.

கீழவெண்மணி உனக்குத் தெரியும். 1968 டிசம்பர் 25, அரைப்படி நெல் கூலி கூடக் கேட்ட தகராறில் மிராசுதார் ஆட்கள் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். அதற்கப்புறம்தான் கிருஷ்ணம்மாள் அம்மாவும் அவர் வீட்டுக்காரர் ஜெகந்நாதன் ஐயாவும் இந்தப் பக்கம் வந்தார்கள். ஆறுதல் சொல்லிவிட்டுப் போக எத்தனையோ பேர் வந்தார்கள், இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். உழுகிறவர்களுக்கு நிலம் வாங்கித் தர 1981இல் லாஃப்டி என்ற அமைப்பை ஆரம்பித்தார்கள். மிராசுதாரிடம் பேசி விலைக்குச் சம்மதிக்க வைப்பது, பாங்கில் கடன் வாங்குவது, குடும்பத்துக்கு ஒரு ஏக்கராகப் பிரிப்பது, விளைச்சலில் கடனை அடைப்பது. இப்படி 10,000 குடும்பங்களுக்கு மேல் நிலம் வந்தது.

நமக்கு வந்த வருஷம், முதல் நடவு முடிந்தும் அப்பாயி வயலிலேயே நின்றுகொண்டிருந்தது. மிராசு வயலில் வேலை வாங்கும் காரியக்காரர் "கரையேறுங்க" என்று சொன்னால்தான் வீட்டுக்குப் போய்ப் பழக்கம். அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை. அப்பாயியே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.

அப்புறம் கடலோரம் இறால் பண்ணைகள் வந்து நிலமும் கிணறும் உப்பாகத் தொடங்கின. ஐயா உச்சநீதிமன்றம் வரை போனார். கடலோரத்தில் 500 மீட்டருக்குள் இருக்கும் பண்ணைகளை எடுக்கச் சொல்லி 1996இல் தீர்ப்பு வந்தது. பிறகு சட்டத்தையே மாற்றிக்கொண்டார்கள், அது வேறு கதை. 2008இல் மாற்று நோபல் என்று சொல்லும் விருதை இரண்டு பேருக்கும், 2020இல் பத்மபூஷணைக் கிருஷ்ணம்மாள் அம்மாவுக்கும் கொடுத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் மிராசு வீட்டு வாசலில் போய் உட்கார்ந்து நிலம் கேட்ட தைரியத்துக்கு முன்னால் எந்தப் பட்டமும் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பாயிக்கப்புறம் பட்டா என் பேருக்கு வந்துவிட்டது. அதை உன் தங்கச்சி பேருக்கு எழுதிவைக்கப் போகிறேன். உனக்கு வருத்தம் இருந்தால் நேரில் சண்டை போடு, கேட்டுக்கொள்கிறேன். சாட்சிக் கையெழுத்து நீதான் போட வேண்டும். பொங்கலுக்கு வரும்போது ஆதார் அட்டையை மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
அப்பா